பத்தாம் நாள் அச்சம்

ஹைதராபாத்தின் வடமேற்கே, பாலாநகரைக் கடந்து ஷாப்பூர் நகர்ப் பக்கம் செல்வோர்க்கு ஜீடிமெட்லா தொழிற்பேட்டை வந்துவிட்டதை முதலில் அறிவிப்பது பெயர்ப்பலகையன்று, கரைப்பான்களின் நெடியே. அருகிலேயே பாலாநகரில், 1961இல் தோற்றுவிக்கப்பட்ட ஐ.டி.பி.எல். என்னும் அரசு மருந்து நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை இயங்கியது. அங்கே பணி கற்ற வேதியியலாளர் பலர் பின்னாளில் வெளியேறித் தாமே ஆலை தொடங்கினர். டாக்டர் ரெட்டிஸ் நிறுவனத்தை 1984இல் நிறுவிய அஞ்சி ரெட்டி அவர்களுள் ஒருவர். மருந்துப் பொருளுக்கன்றி அதன் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கிய 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இம்முயற்சிகளுக்கு உரமிட்டது. இந்நகரம் மூலமருந்துகளின் தலைநகர் என்று பெயர் பெற்ற கதை இதுதான்.

இப்பகுதிக் கிளைகளில் பணியாற்றும் வங்கி அலுவலர்களாகிய நாம் இம்மருந்துகளை டிரம்களாகவும் கிலோக்களாகவுமே அறிவோம். மாதந்தோறும் வரும் இருப்பு அறிக்கையில் பொருளின் பெயர், அளவு, விலை ஆகியன இருக்கும். கடன் வரம்புக்குள் அடங்குகிறதா என்று கணக்கிடுவதோடு நம் வேலை முடிந்துவிடும். டெக்ஸாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், பிரெட்னிசோலோன் என்று ஒரே ஓசையில் முடியும் பெயர்கள் எந்த உறுப்பில் என்ன செய்கின்றன என்று கேட்பது நம் படிவத்தில் இல்லாத கேள்வி. வணிகவியல் பட்டம் பெற்றவர்க்கு அது தேவையுமில்லை என்றே எண்ணியிருந்தோம்.

2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நிலை மாறியது. பிரித்தானியாவின் ‘ரெக்கவரி’ ஆய்வு, செயற்கைச் சுவாசம் பெறும் கோவிட் நோயாளிகளிடையே டெக்ஸாமெத்தசோன் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக அறிவித்தபோது, தேநீர்க் கடைகளில்கூட அப்பெயர் புழங்கியது. அடுத்த ஆண்டே கரும்பூஞ்சை நோய் பரவியது. ஸ்டீராய்டை அளவின்றிப் பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். காத்த மருந்தே கெடுக்கவும் செய்தது. உடலில் நாம் கண்ட இவ்விரட்டைத் தன்மை மூளையிலும் உண்டா? பேரதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்த மனிதனின் மூளைக்கு இவ்வகை மருந்து நட்பா, பகையா? இதற்கு விடை தேடியவர்களுள் முன்வரிசையில் நிற்பது பெங்களூரின் ஓர் ஆய்வுக்கூடம் என்பதை அறிந்தபோது இதனை நம் வாசகர்களோடு பகிர வேண்டும் என்று தோன்றிற்று.

முதலில் இம்மருந்துகளின் குலத்தைக் கூறிவிடுவோம். சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணி, கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. எலிகளில் அதன் இடத்தில் இருப்பது கார்டிகோஸ்டிரோன். வெவ்வேறு தீங்குகளுக்கும் உடல் ஒரே விதமாக எதிர்வினை ஆற்றுவதையும், அப்போது அட்ரினல் சுரப்பி பெருத்துவிடுவதையும் ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதினார். இன்று நாம் ‘ஸ்டிரெஸ்’ என்று சொல்லும் கருத்து மருத்துவத்துள் நுழைந்தது அப்போதுதான். புறணியின் ஹார்மோன்களைப் பிரித்தறிந்து மருந்தாக்கியமைக்குக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். டெக்ஸாமெத்தசோன் போன்றவை இயற்கை ஹார்மோனை ஒத்து, அதனினும் வலிமை மிக்கவையாக ஆய்வுக்கூடத்தில் வடிக்கப்பட்டவை.

இந்த ஹார்மோன் மூளையுள்ளும் புகுந்து வேலை செய்கிறது என்பதை 1968இல் புரூஸ் மெக்யூவன் காட்டினார். கதிரியக்கக் குறியிட்ட கார்டிகோஸ்டிரோனை எலிக்குச் செலுத்தியபோது, அது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் சென்று தங்கியது. எங்கே, எப்போது, யாரோடு என்று நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் பகுதி அது. அதன் பக்கத்திலேயே பாதாம் பருப்பு வடிவில் உள்ளது அமிக்டலா. ஆபத்தை நுகர்ந்து அச்சத்தை எழுப்புவது அதன் தொழில். பேரேட்டையும் அபாய மணியையும் அடுத்தடுத்த மேசைகளில் வைத்தது போன்ற அமைப்பு எனலாம்.

இனி வளர்ச்சிக் காரணிகள். நரம்பணுக்கள் உயிரோடிருக்கவும் கிளை விடவும் சில புரதங்கள் தேவை. அவற்றுள் முதலாவதைக் கண்டறிந்த ரீட்டா லெவி மோன்டால்சினி, யூதர் என்பதால் இத்தாலியில் பணி மறுக்கப்பட்டவர்; தம் படுக்கையறையில் கோழிக் கருக்களை வைத்து ஆய்வைத் தொடர்ந்தவர். ஸ்டான்லி கோஹனோடு அவர் நோபல் பரிசு பெற்றது 1986இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் இவ் பார்டும் ஹான்ஸ் தோனெனும் பன்றியின் மூளையிலிருந்து மற்றொரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மூளைவழி நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஆய்வாளர்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளால் பி.டி.என்.எஃப். என்பர். அது போதிய அளவில் இருக்குமிடத்தில் நரம்பணுவின் கிளை இழைகள் நீள்கின்றன. இழைகளின் மேல் முட்களைப் போன்ற நுண்புடைப்புகள் அரும்புகின்றன. ஒரு நரம்பணு மற்றொன்றின் செய்தியைப் பெரும்பாலும் இம்முட்களின் வழியாகவே ஏற்கிறது. முள் பெருகினால் தொடர்பு பெருகும். உதிர்ந்தால் தொடர்பு அறும்.

எலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்தால் ஹிப்போகேம்பஸில் இக்காரணியின் உற்பத்தி குறைகிறது என்பது 1995இல் வெளியாயிற்று. கார்டிகோஸ்டிரோனை மட்டும் செலுத்தினாலும் ஓரளவு குறைந்தது. ஆனால் அட்ரினல் சுரப்பியை நீக்கிவிட்ட எலிகளிலும் அழுத்தத்தின்போது வீழ்ச்சி காணப்பட்டது. ஆகவே முழுப் பழியையும் ஹார்மோன் மேல் சுமத்த இயலாது. அதே ஆண்டு ரொனால்ட் டூமனின் குழுவினர், மனச்சோர்வுக்கான மருந்துகள் இக்காரணியை உயர்த்துகின்றன என்று காட்டினர். டூமனிடம் பயின்று, பின்னர் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த விதிதா வைத்யா இத்துறையில் இந்தியாவின் பெயரை நிலைநாட்டியவர். 2015இல் பட்நாகர் விருதும் 2022இல் இன்ஃபோசிஸ் விருதும் அவரை நாடி வந்தன. இவற்றால் ‘அழுத்தம் குறைக்கும், மருந்து கூட்டும்’ என்ற எளிய சமன்பாடு ஒன்று பலர் மனத்திலும் பதிந்தது.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் அச்சமன்பாட்டைக் கலைத்தனர். நாளொன்றுக்கு 2 மணி நேரம், 10 நாள் எலியை அசைவின்றி வைப்பது அவர்களது முறை. 2002இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: ஹிப்போகேம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவிலோ அதே அழுத்தம் கிளைகளை வளர்த்துவிட்டது. 21 நாள் ஓய்வளித்துப் பார்த்தபோது ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே நின்றது. பேரேட்டில் அழிந்த வரிகளை மீண்டும் எழுதிவிடலாம் போலும், ஒலிக்கத் தொடங்கிய மணியை நிறுத்துவதுதான் அரிது.

பத்து நாள் வேண்டாம், ஒரே ஒரு முறை 2 மணி நேரம் என்றால்? மறுநாள் பார்த்தால் அமிக்டலாவின் முட்களில் மாற்றமே இல்லை. பத்தாம் நாள் பார்த்தால் முட்கள் பெருகியிருந்தன. எலிகளின் அச்சமும் கூடியிருந்தது. இடைப்பட்ட நாள்களில் அவற்றை எவரும் துன்புறுத்தவில்லை. மனிதரில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு என்னும் நோயை, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் உறுதி செய்கின்றனர். முதல் வாரத்தில் ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று சுற்றத்தார் கூறுவதும், பிறகு அவர் உறங்க மறுப்பதும் நாம் கேள்விப்படாதவை அல்ல. எலியின் பத்தாம் நாளையும் மனிதனின் இரண்டாம் மாதத்தையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். எனினும் தாமதித்து முளைக்கும் அச்சத்துக்கு ஓர் உடற்கூற்று அடையாளம் கிடைத்தது என்பதே எமக்குப் பெரிதாகப் படுகிறது.

வளர்ச்சிக் காரணி இங்கே என்ன செய்தது? ஹரிணி லட்சுமிநரசிம்மனும் சட்டர்ஜியும் 2012இல் அதனை அளந்தனர். பத்து நாள் அழுத்தத்துக்குப் பின் ஹிப்போகேம்பஸில் பி.டி.என்.எஃப். குறைந்தது, 21 நாளில் இயல்புக்கு வந்தது. அமிக்டலாவில் அது கூடியது, 21 நாள் கடந்தும் கூடியே இருந்தது. ஒரே முறை அழுத்தத்துக்குள்ளான எலிகளிலோ, ஹிப்போகேம்பஸில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; அமிக்டலாவில் மட்டும் மறுநாளே உயர்ந்து, பத்தாம் நாளும் உயர்ந்தே நின்றது. முட்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே உரம் இறங்கிவிட்டது என்று பொருள். வளர்ச்சிக் காரணி என்ற பெயரில் உள்ள ‘வளர்ச்சி’ எப்போதும் நன்மையைக் குறிப்பதன்று. பயிருக்கு இட்ட உரத்தில் களையும் செழிக்கும். ‘மூளையின் பி.டி.என்.எஃப். அளவை உயர்த்தும்’ என்று விளம்பரம் செய்யும் மாத்திரைப் புட்டியைக் கண்டால், மூளையின் எந்தப் பகுதியில் என்று கேட்பது நுகர்வோரின் உரிமை. உயிருள்ள மனிதனின் மூளையுள் இதனை நேரே அளக்க வழியில்லை. இரத்தத்தில் அளக்கும்போது கிடைப்பதில் பெரும்பகுதி தட்டணுக்களில் சேமிக்கப்பட்டதே.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருவோம். அழுத்தத்தின் ஹார்மோனையே அழுத்தத்துக்கு மருந்தாகக் கொடுப்பது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகவே தோன்றும். ஆயினும் முதல் ஐயம் எழுந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று, ஜெர்மனியின் மியூனிக் நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவில். குருதி நச்சேற்ற அதிர்ச்சியில் கிடந்து பிழைத்தவர்களுள், சிகிச்சையின் பகுதியாக ஹைட்ரோகார்டிசோன் பெற்றோர்க்குப் பிற்காலத்தில் மனக்கோளாறு குறைவாக இருப்பதை குஸ்டாவ் ஷெல்லிங் குழுவினர் கவனித்தனர். 2001இல் அவர்கள் வெளியிட்ட சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வில், மருந்து பெற்றுப் பிழைத்த 9 பேரில் ஒருவருக்கும், வெறும் திரவம் பெற்றுப் பிழைத்த 11 பேரில் 7 பேருக்கும் அக்கோளாறு காணப்பட்டது. எண்ணிக்கை சிறிது. இருபது பேரை வைத்து எந்த வங்கியும் இடர்க் கணிப்பு செய்யாது. ஆனாலும் வேறுபாடு கண்ணை உறுத்துகிறது.

இஸ்ரேலில் யோசெப் ஜோஹர், ஹகித் கோஹன் குழுவினர் 2011இல் மனிதரையும் எலியையும் சேர்த்தே ஆராய்ந்தனர். விபத்து முதலியவற்றால் அதிர்ச்சியுற்றோருக்கு முதல் சில மணி நேரத்துக்குள் ஹைட்ரோகார்டிசோன் ஒரே ஒரு முறை, உயர்ந்த அளவில் அளிக்கப்பட்டது. மருந்து பெற்றோர்க்குப் பின்னாளில் கோளாறு குறைவாகக் காணப்பட்டது. இணையான சோதனையில் பூனையின் வாடையால் அச்சுறுத்தப்பட்ட எலிகளுக்கு அதே மருந்தைச் செலுத்தினர். அவற்றின் ஹிப்போகேம்பஸில் கிளைகள் நீண்டிருந்தன, முட்கள் அடர்ந்திருந்தன, பி.டி.என்.எஃப். உயர்ந்திருந்தது. நீண்ட நாள் அழுத்தத்தில் எந்தக் காரணியைக் குறைப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டதோ, அதே ஹார்மோன் உரிய நேரத்தில் ஒரு முறை வந்தபோது அக்காரணி உயர்ந்தது. கோஹன் குழுவின் முந்தைய சோதனையொன்றில், குறைந்த அளவில் கொடுத்தபோது எலிகளின் நிலை மேலும் மோசமானது என்பதையும் இங்கே மறைக்கலாகாது. அரை மருந்து பாதிப் பயனைக்கூடத் தரவில்லை, கேட்டையே தந்தது.

பெங்களூர்க் குழுவும் இக்கேள்வியை விடவில்லை. அழுத்தத்துக்கு முன்பே குடிநீரில் கார்டிகோஸ்டிரோன் கலந்து கொடுக்கப்பட்ட எலிகளில் பத்தாம் நாள் முட்பெருக்கமும் அச்சமும் தோன்றவில்லை என்று 2012இல் அறிவித்தனர். ஆயினும் விபத்து சொல்லிவிட்டு வருவதில்லை; முன்கூட்டியே மருந்தருந்திக் காத்திருப்பவர் எவர்? எனவே அழுத்தம் முடிந்த பிறகு கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் பாதுகாப்புக் கிடைத்தது என்பது 2020இல் வெளியான கட்டுரையின் செய்தி. அக்கட்டுரையிலும் மெக்யூவன் உடனாசிரியர்; அவர் காலமானதும் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான்.

இது எவ்வாறு இயல்வதாகும்? மூளையில் இந்த ஹார்மோனை ஏற்கும் வாயில்கள் இருவகை. ஒன்று மிகக் குறைந்த அளவிலேயே நிரம்பிவிடுவது. மற்றொன்று அளவு உயர்ந்தால்தான் திறப்பது. இரண்டாம் வகை ஏற்பி ஹார்மோனோடு இணைந்து உயிரணுவின் கருவுக்குள் சென்று, எந்த மரபணு பேசவேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று ஆணையிடுகிறது. ‘ஆபத்து நீங்கியது, ஓய்வெடு’ என்னும் செய்தியும் அதன் வழியாகவே மூளையை அடைகிறது. தன் சுரப்பைத் தானே அடக்கும் ஹார்மோன் இது. நாள் கணக்கில் ஓயாது சுரந்தால் அதுவே நரம்பணுவை வாட்டும். சுரக்க வேண்டிய வேளையில் போதாமல் போனாலோ, எழுந்த அச்சத்தை அடக்க ஆளில்லை. யூதப் படுகொலையிலிருந்து தப்பி, அக்கோளாற்றோடு வாழ்ந்தவர்களின் உடலில் கார்டிசால் எதிர்பார்த்ததற்கு மாறாகக் குறைந்திருப்பதை ரேச்சல் யெஹுடா 1990களில் காட்டியது இதனோடு பொருந்துகிறது.

மறுபக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. கட்டியின் காரணமாகக் கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாளிகளில் ஹிப்போகேம்பஸ் சிறுத்து நினைவாற்றல் தளர்வதையும், சிகிச்சைக்குப் பின் அது ஓரளவு மீண்டும் பருப்பதையும் மோனிகா ஸ்டார்க்மன் குழுவினர் பதிவு செய்துள்ளனர். ஹார்மோனைத் தடுக்கும் மைஃபெப்ரிஸ்டோனைக் கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தாக்க எடுத்த முயற்சிகள் பெரிய சோதனைகளில் இலக்கை எட்டவில்லை. ஹார்மோன் குடும்பத்திலிருந்து மனநோய்க்கென வந்து வெற்றி கண்டது வேறொரு கிளை: பேறுகால ஹார்மோனின் வழித்தோன்றலான பிரெக்ஸனலோன், பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வுக்கு 2019இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அது 60 மணி நேரம் சிரை வழியே ஏற்றவேண்டிய மருந்து. 2023இல் அதன் உறவான ஸுரனலோன் 14 நாள் மாத்திரையாக வந்தது.

ஆகவே, அதிர்ச்சிக்குப் பின் ஸ்டீராய்டு கொடுப்பது இன்று எவ்விடத்தும் வழக்கமான சிகிச்சையன்று. இதனைத் தனியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத டெக்ஸாமெத்தசோன், உடல் பருக்கவும் மூட்டுவலி தீரவும் நம்மூர்க் கடைகளில் கேட்டுப் பெறப்படுகிறது. பல வாரம் உண்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளின் நிலை இன்னும் கடினம். இக்கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எவரும் மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டாம்.

ஜீடிமெட்லாவில் இருந்துகொண்டு இதனைப் பாடநூல் செய்தியாக மட்டும் எழுத எமக்கு மனம் ஒப்பவில்லை. மருந்தாலைகளில் கரைப்பான் தீப்பற்றுவதும் கலன் வெடிப்பதும் ஆண்டு தவறாமல் செய்தியாகின்றன. 2025 ஜூன் 30 அன்று அண்டை மாவட்டமான சங்காரெட்டியின் பாசமைலாரத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் வெளிமாநிலத் தொழிலாளர். இறந்தோர் கணக்கும் காயமுற்றோர் கணக்கும் உடனே எடுக்கப்படுகின்றன. அன்று வாயிற்கதவருகே நின்று, கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியவனின் பத்தாம் நாளுக்குப் பதிவேடு கிடையாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றபோதும், படகு வாங்கக் கடன் கொடுத்த நாம், கடலைக் காணவே அஞ்சியவரிடம் தவணை தவறியதன் காரணத்தைக் கேட்டறிய ஒரு படிவமும் வைத்திருக்கவில்லை. கையெழுத்து மாறிப்போவது, ஏ.டி.எம். கடவு எண்ணை மும்முறை தவறாக அழுத்துவது, பணிக்குச் செல்லாததால் சம்பளக் கணக்கில் வரவு நின்றுபோவது எனக் கிளையில் தென்படும் இவ்வடையாளங்களுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கக்கூடும் என்று முகப்பில் அமர்ந்திருக்கும் இளம் அலுவலர் அறிந்திருத்தல் நன்று.

காப்பீட்டைப் பற்றிச் சில சொற்கள். ஆண்டுக்கு ரூ.20 பிடித்தம் செய்யப்படும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் ரூ.2 லட்சம், பகுதி ஊனத்துக்கு ரூ.1 லட்சம் வழங்குகிறது. அதில் ஊனம் என்பது கண், கை, கால் இழப்பையே குறிக்கும். மன அதிர்ச்சி அக்கணக்கில் வாராது. மருத்துவக் காப்பீட்டின் நிலை வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு அளிக்கவேண்டும் என்கிறது. எனினும் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையைச் சுற்றியே வரையப்பட்டவை. பேச்சுவழிச் சிகிச்சைக்கு வாரம் ஒரு முறை சென்றுவரும் செலவை எல்லாப் பாலிசியும் ஏற்பதில்லை. இப்பிணிக்கு முதன்மையான மருத்துவமோ அந்தப் பேச்சுவழிச் சிகிச்சைதான். புதுப்பிக்கும்போது வெளிநோயாளர் பிரிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹைதராபாத்தில் எர்ரகட்டாவின் அரசு மனநல மருத்துவமனை ஜீடிமெட்லாவிலிருந்து எளிதில் சென்றடையக் கூடியதே. அவ்வளவு தொலைவு செல்லவும் தயங்குவோர் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, நாள் முழுதும் இயங்கும், தமிழிலும் பேசலாம். விபத்து நடந்த தேதியையும் உறக்கம் கெடத் தொடங்கிய தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு பேசினால், மறுமுனையில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு விடை ஆயத்தமாக இருக்கும்.